மேம்பாலத்தில் கியர் சோதனை

"மேட்டுல பாதி தூரம் காத்துலயே விரல ஆட்டிக்கினு இருந்தேங்க."

நெய்வேலி நகரிய மருத்துவமனையில், கட்டுப் போடும் அறைக்கு வெளியே வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. கூட வந்திருந்த நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். காலையில் ரயில்வே மேம்பாலத்தில், யாருடைய சைக்கிளில் கியர் நன்றாக மாறுகிறது என்று பார்க்க, இருவரும் வண்டியை மாற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள்.

"உங்க ஜப்பான் கியரு மாதிரி ஆள்காட்டி விரலால இழுக்கக் கூடாது, என்னுது அமெரிக்கா கியரு, ரெண்டு லீவரும் கட்டைவிரல்தான்னு சொன்னேனே?"

"சொன்னீங்க. மூச்சு வாங்கும்போது எங்க ஞாபகம் வருது? எதையோ அழுத்தினேன். லேசாவும்னு பாத்தா இன்னும் கனமாயிடுச்சு. கால ஊன்றதுக்குள்ள சாஞ்சிட்டேன்."

"உங்க வண்டி எனக்கு நல்லாதாங்க ஏறுச்சு. கியர் மாறுனதே தெரியல."

"மைன்ஸ்ல அவ்ளோ பெரிய மிஷின ஓட்டுறவன், சைக்கிள்கிட்ட தோத்துட்டேன் பாருங்க. இதுல சாயங்காலம் எங்க பிளாக்குல நாலு பேரு வராங்க. எந்த கியர் வாங்கலாம்னு என்னைக் கேக்கணுமாம்."

"என்னா சொல்லப் போறீங்க?"

அவர் முழங்கையை ஊதிக்கொண்டே யோசித்தார்.

"ஜப்பான் கியர் சத்தமில்லாம விழும், அமெரிக்கா கியர் டக்குனு விழும், அதுக்கெல்லாம் முன்னாடி நான் விழுந்துடுவேன்னு சொல்லிட வேண்டியதுதான்."