ஏரி உப்பு

கதவு தட்டும் சத்தம் கேட்டபோது நான் கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்ததில் இரண்டு சிட்டிகை அதிகமாக விழுந்துவிட்டது. அதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள், ஐயா. இந்த ஊரில் கதவு தட்ட ஆள் இல்லாமல் ஏழு மாதமாகிறது. காற்று தட்டும். வழி தவறிய ஆடு முட்டும். விரலை மடக்கி மூன்று முறை தட்டுவது மனிதர்கள் மட்டும்தான். எனக்கு அந்த மூன்று தட்டல்தான் பயம்.

உட்காருங்கள். அந்தப் பக்கம் வேண்டாம், கூரை ஒழுகுகிறது. உங்கள் வீரர்கள் வாசலிலேயே நிற்கட்டும். அந்த உயரமானவரை மட்டும் வாளைக் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். வெயில் பட்டு அது சுவரில் மினுங்குகிறது. அது நின்றால் எனக்குப் பேச்சு சீராக வரும்.

தலைநகர் தீஸ்பனிலிருந்து இருபது நாள் பயணம் செய்து வந்து நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. மாமன்னரின் உப்பின் மேல் சத்தியம் செய்துவிட்டு, அதை மீறித்தான் தளபதி யஸ்தின் எங்கள் கோட்டைத் தலைவர் அர்தேனைக் கொன்றாரா? மீறியிருந்தால் அது மன்னரின் பெயருக்கே இழுக்கு, தளபதியின் தலை போகும். தளபதியோ அது மன்னரின் உப்பே இல்லை என்கிறார். இதைத் தீர்த்துவைக்கக்கூடிய நாக்கு ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் என்னை இந்த வீட்டிலேயே இருக்க விடுவதாக வாசலில் சொன்னீர்கள். அது போதும். சொல்கிறேன்.

என் பெயர் தாச்சாத். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் 'நாக்கு'. என் அப்பாவும் நாக்கு, அவருடைய அப்பாவும் நாக்கு. எங்கள் ஊர் இரண்டு நாடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். இந்தப் பக்கம் ஆர்மீனியத் தலைவர்கள், ஏரியைச் சுற்றிப் போனால் பாரசீகம். சண்டை வரும், சமாதானம் வரும். சமாதானம் வரும்போதெல்லாம் ஒரு தோல்பையில் உப்பு வரும். மன்னரின் மோதிரத்தால், காட்டுப்பன்றி உருவம் பதித்து முத்திரையிட்டு வரும். அந்தப் பை வந்துவிட்டால் பயமில்லாமல் எதிரியின் கூடாரத்துக்கே சாப்பிடப் போகலாம். மன்னரின் உப்பைப் பிரித்து உண்டபின் கைவைக்கிற பாரசீகனை அவன் வீட்டாரே வீட்டில் சேர்க்கமாட்டார்கள்.

மோதிரத்தை யாரும் திருடலாம். உப்பை மாற்றிவைத்து ஏமாற்ற முடியாது. மன்னரின் உப்பு தெற்கே மலைச் சுரங்கத்தில் வெட்டுவது. சுத்தமான உப்பு. எங்கள் ஏரி உப்பு நாக்கின் ஓரத்தில் கசக்கும். இங்கே பிறந்தவர்களுக்குக் கசப்பு தெரியாது, பழகிப்போய்விடும். அதனால்தான் எங்கள் குடும்பம். நாங்கள் பிறந்ததிலிருந்து வீட்டில் சுரங்க உப்புதான் தின்போம். ஏரி உப்பை ஒரு சிறு பையில் இடுப்பில் வைத்திருப்போம். இதில் ஒரு கல், அதில் ஒரு கல், மாற்றிமாற்றி வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோம். விருந்து நாள்வரை வேறு யார் நாக்கும் அந்த உப்பைத் தொடக்கூடாது.

போன கோடையில் தளபதி யஸ்தின் ஆறு யானைகளோடு வந்து மதிலைச் சுற்றிவளைத்தார். யானையின் வாடைக்கே எங்கள் குதிரைகள் கட்டுத்தறியை உடைத்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் காலையில் வாசலுக்கு எதிரே ஒரு கம்பம் நட்டார்கள். அதில் பக்கத்துக் கோட்டையின் வயதான வாயிற்காவலரைத் தொங்கவிட்டார்கள். அவரையல்ல, அவருடைய தோலை. உள்ளே வைக்கோல் அடைத்து, தலையில் அவருடைய கம்பளிக் குல்லாவை வைத்திருந்தார்கள். எனக்கு அவரைத் தெரியும். போன வசந்தத்தில் என்னிடம் உப்பு வாங்கினார்.

காற்றடித்தால் அது தலையை ஆட்டும். மதில் காவலர்கள் சிரிப்பார்கள். "நாக்கு அண்ணே, கிழவர் உங்களைத்தான் கூப்பிடுறாரு, பாருங்க." நானும் சிரிப்பேன். அதன்பிறகு ரொட்டி வாயில் வைக்கோல் மாதிரி இருக்கும். என் தோலைத் தொட்டுத்தொட்டுப் பார்த்துக்கொள்வேன், சரியாக ஒட்டியிருக்கிறதா என்று.

ஒரு மாதம் ஆனபோது தளபதி பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். அர்தேன் வாலிபர், முப்பதுகூட ஆகவில்லை. கோபக்காரர், ஆனால் பெரியவர்கள் சொன்னதை மதிக்கிறவர். மன்னரின் உப்பு வந்தால் கீழே இறங்கி வருகிறேன், வராவிட்டால் மதிலேறி வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்றார். அதைச் சொல்லவும், பதில் வாங்கிவரவும் நாக்குதான் தனியாகப் போகவேண்டும். அதுவும் வழக்கம்.

என் மனைவி அனூஷ் அன்று என் இடுப்புப் பையை இறுக்கிக் கட்டிவிட்டாள். வாய்த்துடுக்கு அவளுக்கு எப்போதும் உண்டு. "ஆடு கத்தினாலே கதவைச் சாத்துற ஆளு நீங்க. ஊர்ல வேற ஆம்பளையே இல்லைன்னு உங்களை அனுப்புறாங்களாக்கும்." பிறகு என் சட்டையைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். "கேட்டதை மட்டும் சொல்லிட்டு வாங்க. பயத்துல எதையாவது உளறி வைக்காதீங்க." மகள் நூனே மண் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. முற்றுகை தொடங்கியதிலிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டேதான் தூங்குவாள். ஓடவேண்டி வந்தால் தேட நேரமிருக்காது என்பாள். என்னைப் போல.

நீங்கள் கஞ்சியைத் தொடவே இல்லையே, ஐயா. உப்பு அதிகம்தான். பரவாயில்லை.

தளபதியின் கூடாரத்துக்குப் போக அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். குல்லாவின் மடிப்பில் குருவி கூடு கட்டியிருந்தது. அங்கேயே என் கால்கள் என்னுடையவை இல்லாமல் போய்விட்டன. அதற்குப் பிறகு செய்ததை எல்லாம் அந்தக் கால்கள்தான் செய்தன என்று சொல்லலாம்.

யஸ்தின் மரியாதையாகத்தான் நடத்தினார். உலர்ந்த திராட்சை கொடுத்தார். தலைவர் சொன்னதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். உப்புக்குத் தலைநகருக்கு ஆள் அனுப்பவேண்டும், போக இருபது நாள், வர இருபது நாள், அதற்குள் பனி கொட்டிவிடும், யானைகள் செத்துவிடும் என்றார். கடிதங்களுக்காக மன்னர் கொடுத்த மோதிரம் மட்டும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். அப்புறம் சும்மா கேட்பது போலத்தான் கேட்டார்.

"அது மன்னர் உப்பா இல்லையான்னு உங்க ஊர்ல யாருக்குத் தெரியும்?"

"எனக்குத்தான், ஐயா."

"வேற யாருக்கும் தெரியாதா?"

"நான் மட்டும்தான்."

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும், ஐயா. அவர் என்னை மிரட்டவில்லை. கையை ஓங்கவில்லை. கூடாரத் திரை திறந்திருந்தது, கம்பம் தெரிந்தது, அவ்வளவுதான். நானே என் இடுப்புப் பையை அவிழ்த்து அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் அதிலிருந்த ஏரி உப்பைத் தோல்பையில் கொட்டினார். மெழுகை உருக்கி, மோதிரத்தை வைத்து அழுத்தினார். பன்றி மிக அழகாக விழுந்தது.

ஆகவே தளபதி சத்தியத்தை மீறவில்லை. மன்னரின் உப்பு அந்தக் கூடாரத்தில் இருக்கவேயில்லை. உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

மறுநாள் தேவாலய முற்றத்தில் ஊரே கூடியது. தளபதி உப்பைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார் என்று அர்தேனிடம் சொல்லியிருந்தேன். பாதிரியார் முத்திரையைப் பார்த்தார். நான் உடைத்தேன். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தேன். கசந்தது. என் இடுப்பில் ஒன்பது வருடமாகக் கிடந்த உப்பு, எனக்குத் தெரியாதா? மாற்றி வைத்துப் பார்க்க அந்தப் பையில் வேறு உப்பு இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. அர்தேன் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தாச்சாத், முகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"பசி, தலைவரே. மன்னர் உப்புதான்."

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். மன்னர் உப்பு என்றதும் கூட்டத்தில் ஒரு கிழவி அழுதாள், சந்தோஷத்தில். அன்று ஊர் முழுக்க நிம்மதியாகத் தூங்கப்போகிறது என்று நினைத்தேன். நான் செய்தது ஊருக்காக. ஊர் பிழைக்கவேண்டும், அவ்வளவுதான் எண்ணினேன். அர்தேனைச் சிறைபிடிப்பார்கள், தலைநகருக்குக் கொண்டுபோவார்கள், அங்கே நல்ல சாப்பாடு போட்டு வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அர்தேன் இருபத்திரண்டு பேரோடு இறங்கிப்போனார். நல்ல சட்டையெல்லாம் போட்டிருந்தார்கள். வாள்களை வாசலிலேயே சாய்த்துவைத்தார்கள், உப்பு விருந்துக்கு ஆயுதம் கூடாது. நான் மதில் மேலிருந்து பார்த்தேன். விருந்துக் கூடாரத்தில் முரசு அடித்தார்கள். நடுவில் முரசை இன்னும் வேகமாக, இன்னும் பலமாக அடித்தார்கள். அதனால் வேறு சத்தம் எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. முரசு நின்றபோது கூடாரத்தின் அடிப்பக்கம் துணி நிறம் மாறியிருந்தது. என் பக்கத்தில் நின்ற காவலன், எப்போதும் கிண்டல் செய்பவன், என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. நேரமும் இல்லை. யானைகள் வாசலுக்கு வந்துவிட்டன.

ஊரை அவர் எரிக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். காலியாக்கினார், அவ்வளவுதான். எல்லைக் கோட்டையில் ஆள் இருந்தால் மறுபடி ஒரு அர்தேன் வருவான் என்றார். மறுநாள் காலை எல்லோரையும் பத்துப்பத்துப் பேராகக் கயிற்றில் சேர்த்து, தெற்கே வெயில் நாட்டுக்கு நடத்தினார்கள். நான் வாசலோரம் நின்றேன். என் கையில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அது இருந்தால் தொடமாட்டார்கள்.

அனூஷும் நூனேயும் ஏழாவது கயிற்றில் வந்தார்கள். நூனே செருப்பு போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் வாயைத் திறந்தாள். அனூஷ் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்திவிட்டாள். அனூஷ் என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கணக்குப் பார்க்கிற எழுத்தருக்குச் சந்தேகம் வந்தது.

"இவன் உனக்கு என்ன வேணும்?" என்று அவளிடம் கேட்டார்.

"ஒண்ணும் வேணாம். எங்க தெரு உப்புக்காரர்."

கயிறு நகர்ந்தது. ஏன் அப்படிச் சொன்னாள் என்று ஏழு மாதமாக யோசிக்கிறேன். கோபமாக இருக்கலாம். அவளுக்குக் கோபம் சட்டென்று வரும். அவர்களைத் திருப்பிக் கேட்கவேண்டும் என்றுதான் இருந்தேன், ஐயா. தளபதி நல்ல மனநிலையில் இருக்கும்போது கேட்கலாம் என்று. பனி விழுந்துவிட்டது, அவர் போய்விட்டார். அவர்கள் வருவார்கள் என்றுதான் இந்த வீட்டை விடாமல் இருக்கிறேன். கூரையைக்கூட அனூஷ் வந்து சொன்ன பிறகு சரிசெய்யலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

எதற்கு இப்போது அந்தப் பட்டியலை எடுக்கிறீர்கள்? அது யாரைத் தொடக்கூடாது என்று தளபதியின் எழுத்தர் எழுதியதுதானே, எனக்குப் படிக்கத் தெரியாது. என் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமே. பிறகு ஏன் என் வாயால் கேட்கிறீர்கள்?

சரி. சொல்லிவிடுகிறேன். அந்த உயரமானவர் உள்ளே வரவேண்டாம்.

முத்திரையிட்டு முடித்த பிறகு நான் கிளம்ப எழுந்தேன். தளபதி கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, ஐயா, எனக்கென்று எதுவுமே கேட்கவில்லை. அவராகத்தான் கேட்டார். உன் வீட்டில் எத்தனை பேர், சொல், அவர்களை யாரும் தொடமாட்டார்கள் என்றார். நிதானமாகத்தான் கேட்டார். பத்துப் பேர் என்றாலும் கொடுத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் திரைக்கு வெளியே காற்றடித்தது, அந்தக் குல்லா ஆடியது. மூன்று என்று சொன்னால் அதிகமாகக் கேட்கிறான் என்று நினைத்துவிட்டால்? பேரத்தையே வேண்டாம் என்று விட்டுவிட்டால்? அந்த நேரத்தில் அனூஷின் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்தது. நூனேயின் செருப்புகூட ஞாபகம் வந்தது. அப்படியிருந்தும் என் குரல் நடுங்கவே இல்லை.

"நான் ஒண்டிக்கட்டை, ஐயா. எனக்குன்னு யாரும் கிடையாது."