மொம்பாசா போன மிளகாய்த்தூள்

— அந்தத் தந்தம் தகரமப்பா. மொம்பாசாவில றோட்டுக்கு மேல அழகுக்கு வளைச்சு வைச்சிருக்கினம். அதை உண்மையான யானையின்ர தந்தமெண்டு கிருஷ்ணசாமி வீட்டில ஏன் சொன்னனீங்கள்?

— பாமா, நான் யானை எண்டு மட்டும்தான் சொன்னனான். பத்து மாடி உயரமெண்டு அவையாத்தான் விளங்கிக்கொண்டினம்.

— நீங்கள்தான் கதிரையில ஏறி நிண்டு கையைத் தூக்கிக் காட்டினனீங்கள்.

— கதை சொல்லேக்க கை சும்மா இருக்குமே? ஃபெரிக்குப் பின்னால வந்த சுறாவைப் பற்றி நான் வாயே திறக்கேல்லை.

— சுறாவோ? ஃபெரியில நீங்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டெல்லே இருந்தனீங்கள். உங்கட நகம் பட்ட காயம் இன்னும் என்ர தோளில கிடக்கு.

— கண்ணை மூடினாலும் தெரியிற அளவு சுறா அது.

— இஞ்சேருங்கோ, சந்திரகலா இருக்கிற மெரிலேண்ட்ஸ் வந்திட்டுது. காரை மெதுவா விடுங்கோ. அவளின்ர வீட்டில இந்தப் புழுகு ஒண்டும் வேண்டாம். அவள் கேக்கப்போறது தன்ர தமையன் ஸ்ரீகாந்தைப் பற்றி. நடந்ததை நடந்தமாதிரிச் சொல்லுவம்.

— நடந்ததைச் சொன்னால் தேத்தண்ணி கிடைக்காது.

— உங்களுக்கு எல்லாம் பகிடி. பிள்ளையளின்ர தொல்லை இல்லாமல், ஊர் பாக்கவெண்டு முதல்முதலா வெளிக்கிட்ட மனிசி நான். எல்லாரும் போய்ப் பாக்கிற அந்தப் பழைய கோட்டைக்குள்ள கால் வைச்சனானே? சந்திரகலா தந்துவிட்ட மிளகாய்த்தூள் பார்சலை மடியில வைச்சுக்கொண்டு, ஓட்டோவில கோட்டையைச் சுத்திச் சுத்தி ஸ்ரீகாந்தின்ர வீடு தேடினதுதான் நான் கண்ட மொம்பாசா.

— வெளிநாடு போறவையின்ர பெட்டிக்குள்ள எங்கட சனம் பார்சல் வைக்காமல் விடுமே? நீர்தானே பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினீர்.

— எப்பிடி மாட்டனெண்டுறது? தாய் செத்த நேரம் அவள் அகதி விசாவில இருந்தவள், நாட்டை விட்டு வெளிக்கிட ஏலாது. செத்தவீட்டுக்கு வரேல்லையெண்டு தமையன் அண்டையோட அவளோட கதைக்கிறதை விட்டிட்டார். என்ர தூளாவது அவரிட்டப் போகட்டும் அக்கா எண்டு அழுதாள்.

— அவர் கதவைப் பாதி திறந்து, எனக்குத் தங்கச்சி இல்லையெண்டு சொல்லிச் சாத்தினவர். அதைப் போய் அவளிட்டச் சொல்லப்போறீரோ?

— பக்குவமாச் சொல்லுவன். பொய் சொல்லி அவளுக்கு வீணா ஆசை காட்டேலாது.

— தூள் எங்கையெண்டு கேட்டால்?

— ஹோட்டல் குசினியில குடுத்தனாங்கள் எண்டுவன். உங்களை விட்டால் அண்டைக்கு மொம்பாசா முழுக்கத் தும்மினதெண்டுவீங்கள்.

— துறைமுகத்தில நிண்ட கப்பலும் தும்மினது, பாமா.

— வாயை மூடிக்கொண்டு இறங்குங்கோ. அவள் வாசலில நிக்கிறாள்.

— வாங்கோ பாமாக்கா. விக்னராஜா அண்ணை, வாங்கோ, இருங்கோ. இல்லை அண்ணை, நீங்கள் பேசாமல் இருங்கோ, அக்கா சொல்லட்டும். அக்கா, அண்ணாவைக் கண்டனீங்களே?

— கண்டனாங்கள், கலா.

— என்ன சொன்னவர்?

— அது வந்து... நீர் என்ன, இப்பிடி மெலிஞ்சு போனீர்?

— சொல்லுங்கோ அக்கா.

— சொல்ல என்ன கிடக்கு. பார்சலைக் கண்டவுடன நெஞ்சோட அணைச்சவர். தங்கச்சி இடிச்ச தூளோ எண்டு கேட்டுப்போட்டு, படியில இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதவர்.

— பாமா...

— நீங்கள் சும்மா இருங்கோ. பிறகு எங்களை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய், தானே இறால் கறி வைச்சவர். அந்த வாசத்துக்கு அயல்சனம் முழுக்கக் கோப்பையோட வந்து நிண்டது. றோட்டில வாகனம் போகேலாமல் பொலிஸ் வந்தது. வந்த பொலிசும் இருந்து சாப்பிட்டது.

— பாமா, மூச்சு விடும்.

— அப்ப அண்ணா உங்களை நல்லாக் கவனிச்சிருக்கிறார்.

— கவனிச்சவரோ? போக விடேல்லை, கலா. பெட்டியைப் பறிச்சு ஒளிச்சு வைச்சவர்.

— சரி அக்கா. நேற்று அண்ணா போன் எடுத்தவர். உங்களை வாசலிலயே வைச்சுக் கதவைச் சாத்திப்போட்டு, பிறகு மனம் கேளாமல் ஹோட்டல் ஹோட்டலா உங்களைத் தேடினவராம். தனக்காக உங்களிட்ட என்னை மன்னிப்புக் கேக்கச் சொன்னவர்.