ஆணி இல்லாத கால் ஆணி

தவளக்குப்பம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மில் நெசவாளி, வலது செருப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மச்சான்.

"ஆணி எங்கன்னு டாக்டரு என்னையே கேக்குறாரு மச்சான்!"

"எந்த ஆணி மாமா?"

"என் கால் ஆணிதான். சர்க்காரு இலவசச் சீட்டு வச்சிருக்கவங்களுக்குக் கால் பாக்குறவரு ஊருக்கே அந்தப் பிரெஞ்சுக்கார டாக்டரு ஒருத்தருதான். அவருக்குத் தமிழ் தெரியாது. அவரோட குமாஸ்தா ஆணின்னு கேட்டுட்டு, பிரெஞ்சுல 'க்ளூ'ன்னு எழுதிட்டான்."

"ஐயோ, அது செவுத்துல அடிக்கிற ஆணியாச்சே!"

"துருப்பிடிச்ச ஆணி குத்திடுச்சுன்னு ஊசி போட்டாரு. உள்ளதான் இருக்குன்னு கையால காட்டினேன். இன்னொரு ஊசி போட்டாரு."

மச்சான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"சிரிக்காத. நாளைக்கும் தறி முன்னாடி நிக்கலன்னா வேற ஆளப் போட்டுடுவேன்னுட்டாரு மேஸ்திரி."

"நான் சமைக்கிற வீட்டு வெள்ளைக்கார மதாமுக்கும் இதே தொல்லைதான். அவங்க அத 'கோர்'னு சொல்வாங்க. டாக்டர்கிட்ட நீயே சொல்லு."

"கோரா? மறந்துடுவேனே."

"மனு எழுதிக் கோருறதில்ல? அந்தக் கோரு."

"டாக்டரு பன்னெண்டு மணி வரைக்கும் இருப்பாரு. ஹோல்டான், வண்டிய நிறுத்துங்க!"

பஸ் நின்றது. அவர் நொண்டிக்கொண்டே இறங்கி, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றார். வாய் மட்டும், "கோரு, கோரு" என்றது.

அங்கே நின்ற ஒருவர் கேட்டார்: "என்னத்தங்க கோரணும்?"

"என் காலைத்தாங்க!"