முற்றத்தில் ஒரு ஜியான்

— அங்க என்ன பாக்குறீங்க? பொண்ணு நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்.

— இல்ல... மாதுளை மரத்தைப் பாத்தேன்.

— மரம் வலப்பக்கம். உங்க கண்ணு இடப்பக்கம், அந்தப் போர்வை மேல இருக்கு.

— அதுக்குக் கீழ ஏதோ கார் மாதிரி...

— கார்தான். ஜியான், பழைய மாடல். அப்பா அவர் கல்யாணத்துக்கு வாங்கினது. அர்தலான், உள்ள பெரியவங்க எல்லாம் நம்மளை எதுக்குத் தனியா அனுப்பியிருக்காங்கன்னு ஞாபகம் இருக்கா?

— இருக்கு, இருக்கு. மனசு விட்டுப் பேச. பேசலாம், ரோஷனக். நீங்க... சமைப்பீங்களா?

— சுமாரா. நீங்க?

— நல்லாவே. ஓடுதா?

— சமையலா?

— ...கார்.

— பதினொரு வருஷமா நிக்குது. உள்ள ஒரு பூனை குடும்பம் நடத்துது.

— அப்போ கார்பரேட்டர் அப்படியே...

— டீ கொண்டு வந்தப்பவும் ஜன்னலையே பாத்து முழங்கால்ல ஊத்திக்கிட்டீங்க. பையனுக்கு என்ன வெக்கம்னு எங்கம்மா உருகிப் போயிட்டாங்க.

— சரி, ஒளிக்கல. என்கிட்டயும் ஒரு ஜியான் இருக்கு. கார்பரேட்டர் போயி எட்டு மாசமாப் படுத்திருக்கு. இஸ்ஃபஹான்ல பழைய சாமான் கடை ஒண்ணு விடல. ஷிராஸ் வரைக்கும் போனேன். ஒருத்தன் சிரிச்சான். இன்னொருத்தன் உக்கார வெச்சு ஆறுதல் சொன்னான்.

— அதனால பொண்ணு பாக்க வந்துட்டீங்க. பூங்கொத்தோட.

— கேக்கவே அசிங்கமா இருக்குல்ல?

— இருக்கு. நேரா வந்து விலைக்குக் கேட்டிருக்கலாமே?

— ரெண்டு வருஷம் முன்னாடி, உதிரிக்கு ஆகட்டும்னு கேட்டேனே! ‘அது என் பொண்ணு சீதனம்’னு உங்கப்பா கதவைச் சாத்திட்டார். இன்னைக்கு அவருக்கு என் முகம் ஞாபகமில்ல, நல்லவேளை.

— அப்போ கேட்டுக்கோங்க. மாப்பிள்ளை பொண்ணுக்குத் தர்ற மஹரா எனக்குத் தங்கக் காசு வேண்டாம். உங்க ஜியான் வேணும்.

— அடப்பாவமே! கார்பரேட்டருக்கு வந்தவன்கிட்ட முழு வண்டியையா?

— முழுப் பொண்ணு தர்றாங்கல்ல?

— தர்றேன்.

— என்னது, இவ்ளோ சீக்கிரமா?

— இந்தப் பத்து நிமிஷத்துல கார்பரேட்டர் எனக்கு ரெண்டு தடவை மறந்தே போச்சுங்க.

— பொய்.

— சரி, ஒரு தடவை. ஆனா... பானட்டைத் திறந்து ஒரே ஒரு பார்வை பாத்துக்கட்டுமா?

— தாராளமா. பூனை கீறும், பாத்து.

— ரோஷனக்! இங்க கார்பரேட்டரையே காணோம்!

— கத்தாதீங்க, உள்ள கேக்கும். என் துணி அலமாரியில இருக்கு. முந்தாநாள் நானே கழட்டினேன்.

— நீங்களா? எதுக்கு?

— ‘சரி’ன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க அதைக் கண்ணால பாத்துடக் கூடாதுன்னுதான்.

— இருங்க... நான் எதுக்கு வர்றேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அப்பா கதவைச் சாத்தினப்போ நான் மாடி ஜன்னல்ல நின்னேன். தெருமுனையில உங்க வண்டி. முன் கண்ணாடியில ஒரு கீறல் இல்ல. எங்க வண்டியில கண்ணாடியே இல்ல, ஊர் முழுக்கத் தேடியும் கிடைக்கல. திட்டு வாங்கிட்டுப் போனவர் சிரிச்சுக்கிட்டே வண்டியைத் தட்டிக் குடுத்தார், அதையும் பாத்தேன். உங்க கார்பரேட்டர் போனதை உங்க அத்தைதான் சொன்னாங்க; இந்த வீட்டுல பொண்ணும் இருக்கு, முற்றத்துல வண்டியும் அப்படியே இருக்குன்னு அவங்க காதுல போட்டது வேற யாருன்னு நினைச்சீங்க?