வாழையிலை மூடிய தூக்குவாளி

வைகைக்கரைக் கூட்டுறவு அச்சகத்தின் உதவியாளராய் முப்பத்திரண்டு ஆண்டுகள் தேநீர் வாங்கிவர நடந்து நடந்தே எங்கள் நாவறட்சி தீர்த்து, இன்று பணி ஓய்வு பெறுபவரே, சொன்ன சொல்லுக்குச் சொந்தக்காரரே, பெருமதிப்பிற்குரிய பேயாண்டி அவர்களே, வணக்கம். சூழ்ந்திருக்கும் மக்களே, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. புகழ்ச்சியை அடுக்குவதைவிட ஒரு கதை சொன்னால் இவர் யாரென்று விளங்கிவிடும்.

போன ஆண்டு ஒரு மருத்துவ முகாமின் துண்டறிக்கை நம்மிடம் அச்சுக்கு வந்தது. அச்சான தாள்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டே பேயாண்டி அதை வரிவரியாய்ப் படித்தார். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களை மனித இரத்தத்திலும், தாயின் நஞ்சுக்கொடியிலும்கூடக் கண்டிருக்கிறார்களாம். அவை உடம்பை என்ன செய்யும் என்று ஆய்வாளர்கள் இன்னும் முடிவாய்ச் சொல்லவில்லை. ஆனால் சூடு பட்டால் துகள் கூடுதலாய் உதிரும். பாலிதீன் பையில் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் வாங்கிவந்த தம் கையை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார். கணினித் தட்டச்சு பார்க்கும் சுபலட்சுமிக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"பேப்பர் கப்புலதானண்ணே குடிக்கிறோம்?" என்றாள் அவள்.

அவர் ஒரு கப்பைக் கிழித்து உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கக் கொடுத்தார். "வழுவழுன்னு இருக்குல்ல? அதுவும் பிளாஸ்டிக்குதாம்மா. இனிமே ஒனக்குப் பிளாஸ்டிக் படாத டீ. அது எம் பொறுப்பு."

மறுநாள் எவர்சில்வர் தூக்குவாளியோடு சிம்மக்கல் டீக்கடைக்குப் புறப்பட்டார். அச்சு இயந்திரம் ஓட்டும் கண்ணுச்சாமி வாசலிலேயே மறித்தார்.

"என்னண்ணே, பால் கறக்கப் போறீகளா?"

"ஆமா மாப்ள. எருமைதான் இங்கயே நிக்கிதே."

நாற்பது நாள் போயிற்று. ஒரு நாள் படிக்கட்டில் வாளியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நெரிசலில் தேநீர் ததும்பாதிருக்க, வாளி வாயில் பாலிதீன் தாளை விரித்து மூடியை அழுத்துவது நம் பக்கத்து வழக்கம். கை பழகிய வேலையை மனம் கவனிக்கவில்லை. தினமும் தாளை உருவி எறிந்துவிட்டுத்தான் மேலே வந்திருக்கிறார். அன்று அது சூட்டில் சுருங்கி, ஓரம் பிய்ந்து, தேநீருக்குள் தொங்கிக் கிடந்தது. சட்டைப்பையில் திணித்திருந்தால் ஒருவருக்கும் தெரியாது. கொடுத்த சொல் மட்டும் குறுக்கே நின்றது.

ஏறிவந்து, தாளைச் சுபலட்சுமியின் மேசைமேல் வைத்தார். "நாப்பது நாளா இத மூடித்தாம்மா கொண்டாந்திருக்கேன். பெருசாப் பேசிட்டேன். எந் தப்புத்தான்."

இயந்திரம் நின்றது. கேலிக்குக் காத்திருந்த பேயாண்டியின் முன் கண்ணுச்சாமி தம் சாப்பாட்டு வாழையிலையின் நுனியைக் கிழித்து நீட்டினார். "கல்யாண வீட்டுல ரசவாளி வாய மூட இதத்தானண்ணே வைப்பாக. இம்புட்டுத்தான் விசயம்."

"நாளைக்கும் ஒங்க டீதாண்ணே எனக்கு," என்றாள் சுபலட்சுமி.

இன்று அவள் கைக்குழந்தையோடு முன்வரிசையில் இருக்கிறாள். தாயும் சேயும் நலம். வாளியால்தான் என்று சொல்ல நாங்கள் மருத்துவர்கள் அல்லோம். ஆனால் பாலிதீன் பையும் பேப்பர் கப்பும் எங்கள் படியேறுவதில்லை. வாளி நாளை முதல் கண்ணுச்சாமியின் கையில். இவ்வாழ்த்துமடலுக்கும் பிளாஸ்டிக் உறை போடாமல் கண்ணாடிச் சட்டமிட்டோம். நைலான் பொன்னாடைக்குப் பதில் பருத்தித் துண்டு போர்த்துகிறோம்.

பேயாண்டி அண்ணே, நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்வீராக. கேட்டிருந்த மக்களே, உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். சுடுசோறு இலையிலும் குழம்பு எவர்சில்வரிலும் இறங்கட்டும். தப்பை ஒத்துக்கொள்ளும் வாயும் அதைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் உங்கள் கூரையின்கீழ் சேர்ந்தே குடியிருக்கட்டும்.

இங்ஙனம்,
அச்சகப் பணியாளர்கள், மதுரை.