இரும்பில் முளைத்த முடி

ரிங்லெட் நிறுத்தத்தில் ஏறிய இரண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். பஸ் கிளம்பியதும் மூத்தவள் சொன்னாள்:

"என் மவ இரும்புல முடி வளக்குறா லா."

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"என்னாக்கா சொல்றீங்க?" என்றாள் இளையவள்.

"யூனிவர்சிட்டியில அதான் அவ படிப்பு. சின்னப் பீங்கான் தட்டுல கண்ணுக்கே தெரியாத இரும்புத் தூளப் பூசி, சூளையில வச்சு கேஸ் விடுவா. ஒவ்வொரு தூள்லேருந்தும் கரி முடி மாரி நீளும். பெரிய மிஷின்ல வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"அம்மாடி!"

"லீவுல வந்தப்ப, அப்பாவுக்குக் காட்ட, தூள் பூசின நாலு தட்டு கொண்டாந்தா. துருப் புடிச்ச மாரி இருந்திச்சா, ஒண்ண நான் புளி போட்டுத் தேச்சுட்டேன்."

"ஐயோ! திட்டுனாளா?"

"அழுதா. பரீட்சைக்கு உள்ளதாச்சே. அப்பறம் திரும்பிப் போயி நாலையும் சூளையில வச்சிருக்கா. மூணுல காடு மாரி முடி. நான் தேச்சதுல ஒண்ணுமில்ல. அவ வாத்தியாரு அதத்தான் கையில எடுத்தாராம். இரும்பு இல்லாட்டி முளைக்காதுங்கிறதுக்கு இதவிட என்ன சாட்சி வேணும்னாராம்."

தானா ராத்தாவில் இருவரும் இறங்க எழுந்தபோது இளையவள் கேட்டாள்: "இப்ப அந்தத் தட்டு எங்கக்கா?"

"கண்ணாடிப் பொட்டியில இருக்கு. 'அம்மா கழுவியது'ன்னு எழுதி ஒட்டியிருக்கா."