தேவமலர் வழுக்கி விழவில்லை

என் பெயர் கருப்பாயி, தகப்பனார் பெயர் அப்புசாமி. வயது ஐம்பத்தேழு. பாயா ரும்புட் ஊரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கிறேன். பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். கணவர் இல்லை. இறந்துபோன தேவமலர் என் ஒரே மகள். என்னை யாரும் மிரட்டவில்லை. நான் சொல்லச் சொல்ல, தமிழ் தெரிந்த போலீஸ் கார்ப்பரல் கோமளா எழுதிக்கொள்கிறார்.

தலைப்பிள்ளைப் பேற்றை நான்தான் பார்க்க வேண்டும். என் வீட்டில் இடம் இல்லாததால் தங்கா பத்துவில் மருமகன் கவிநேசன் வீட்டுக்கே போய்த் தங்கினேன். அவருடைய தாயார் இருசம்மாளும் அங்கே இருந்தார். ஆண் குழந்தை. முப்பதாம் நாள் தீட்டு கழித்துத்தான் பேர் வைப்பது என்பதால் இன்னும் பேர் வைக்கவில்லை.

அதன்பின் மகள் தூங்குவதை விட்டுவிட்டாள். பிள்ளை தூங்கினாலும் இவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள், விரல் தோல் உரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்றாள். இருசம்மாள், ஊர் உலகத்தில் இவள் ஒருத்திதான் பிள்ளை பெற்றாளா என்று கேட்டார். ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, புள்ளய எங்கிட்ட தனியா வுட்டுட்டுப் போயிராதீங்க. என் கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றாள். அதற்குப் பிறகு நான் குளிக்கப் போனாலும் பிள்ளையை உடன் தூக்கிக்கொண்டு போனேன்.

அதன்பின் வீட்டுக்கு வந்து பிள்ளையை எடை பார்க்கும் நர்ஸ், மிஸ்ஸி அகல்யா வந்தார். மகள் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் மகளிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேசிவிட்டு வந்து, "ஆன்ட்டி, இது திமிரும் இல்ல, காத்துக் கருப்பும் இல்ல. பிள்ள பெத்தவங்களுக்கு வர்ற நோய். மருந்து இருக்கு. இன்னைக்கே கூட்டிட்டுப் போவணும்" என்றார். முப்பது கழியாமல் தீட்டோடு வாசல் தாண்டக் கூடாது என்று இருசம்மாள் குறுக்கே நின்றார். மிஸ்ஸி வாசலிலேயே நின்று போன் பேசி, காலையில் ஆஸ்பத்திரி வண்டியோடு வருவதாகச் சொல்லிப் போனார். மருமகனும் தலையாட்டினார். நான் மகளின் துணிகளைப் பையில் எடுத்து வைத்தேன்.

வண்டி வந்தால் தாமான் குடியிருப்பு முழுக்கப் பைத்தியம் என்று பேசும் என இருசம்மாள் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அதன்பின் பொழுது சாயும் நேரத்தில் சிவசாமி என்பவரை அழைத்து வந்தார்கள். அவர் லாரி ஓட்டுபவர், சாமியாடிக் குறி சொல்பவர். ஆஸ்பத்திரிக்குப் போகத் தடையாக இருந்த தீட்டு, அவர் உள்ளே வர மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் போய்விட்டது. பிள்ளைப்பேற்று மருந்து அரைத்துக் கொண்டு வரச் சொல்லி என்னைப் பின்பக்கம் அனுப்பினார்கள். விபூதி போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்து, பிள்ளையையும் தூக்கிப் போய் அம்மிக்குப் பக்கத்தில் கிடத்தினேன். அம்மியில் சுக்கை வைக்கும்போது அறைக் கதவு தாழ்போடும் சத்தம் கேட்டது.

அதன்பின் பிரம்படிச் சத்தம் கேட்டது. "யாருடி நீ, பேரச் சொல்லு" என்று சிவசாமி கேட்டார். மகள், "தேவமலர்" என்றாள். பேய் பொய் சொல்கிறது என்று அடித்தார். மறுபடி கேட்டார். மறுபடி தேவமலர் என்றாள். மறுபடி அடி விழுந்தது. நான் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. வேறு ஏதாவது ஒரு பேரைச் சொல்லிவிடு என்று வெளியிலிருந்து கத்தினேன். அவள் சொல்லவில்லை. அதன்பின் அவள் சத்தம் நின்றது, பிரம்பு நிற்கவில்லை.

அதன்பின் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து கதவில் தாழ் இருந்த இடத்தில் இடித்தேன். கதவு திறந்தபோது உள்ளே மிளகாய்ப் புகை. கவிநேசன் மகளின் கால்களைப் பிடித்திருந்தார். இருசம்மாள் அவள் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். சிவசாமியின் முழங்கால் அவள் நெஞ்சின் மேல் இருந்தது. பால் கட்டிய நெஞ்சு. நைட்டி முன்பக்கம் பாலும் ரத்தமுமாக நனைந்திருந்தது. நான் குழவியால் சிவசாமியின் மண்டையில் அடித்தேன். அவர் சாய்ந்த பிறகும் தோளில் அடித்தேன். இதை நான் மறுக்கவில்லை. மகளை மடியில் தூக்கிப் போட்டேன். கழுத்து நிற்கவில்லை.

மருமகன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். வண்டிக்காகக் காத்திருந்தபோது இருசம்மாள் தரையில் கிடந்த பிரம்பை எடுத்து ஒளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாள்னு சொல்லிருங்க சம்பந்தி. ஆத்தாளும் போயி, அப்பனும் ஜெயிலுக்குப் போனா புள்ள கதி என்னா?" என்றார். சிவசாமியை நான் அடித்ததையும் யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள் என்றார். கவிநேசன், "அத்த" என்றார். அவர்களுக்கான பதிலை இங்கே சொல்லியிருக்கிறேன். காலையில் வரவேண்டிய வண்டியும் வந்தது. பேரப்பிள்ளையை மிஸ்ஸி அகல்யா அதில்தான் தூக்கிக்கொண்டு போனார்.

கார்ப்பரல் கோமளா எழுதியதை முழுவதும் படித்துக் காட்டினார். வழக்கு விவரம் எழுதிய இடத்தில், சிவசாமி தரப்பு போலீசில் சொன்னபடி 'பேய் பிடித்த பெண்' என்று இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டு 'நோயுற்ற தேவமலர்' என்று எழுதினார். எத்தனை அடி விழுந்தும் அவள் மாற்றாத பேர் அது. இதில் உள்ளது அத்தனையும் நான் பார்த்தது, கேட்டது, செய்தது. எனக்குப் பேர் எழுதத் தெரியும், கைநாட்டு வேண்டாம்.

(ஒப்பம்)
கருப்பாயி
தேவமலரின் தாய்